ஏழாவது பாயிண்ட்

கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. நீங்க துண்டு போட்டு இடம் பிடிச்சது வாஸ்தவம். நான் மறுக்கவே இல்ல. ஆனா துண்டுங்கிறது ஒரு அறிவிப்புதானே, ஆள் இல்லையே? ஆள் கீழ நின்னு டீ குடிக்காரு. ஜன்னல் சீட்டுல துண்டு காத்து வாங்கிட்டுக் கிடக்கு. டிக்கெட் எடுக்கப்போற மனுசன் ஒருத்தன் ஏறி எதிர்ல நிக்கான். துண்டுக்குக் காத்து வேணுமா, மனுசனுக்கு வேணுமா? ஆங், அதான். நீங்களே "சரி விடுங்க"ன்னுட்டீங்க. எதிராளி ஒத்துக்கிட்டா வாதம் முடிஞ்சுபோச்சு. இந்தாங்க உங்க துண்டு, மடிச்சு வச்சிருக்கேன்.

தென்காசிக்கா போறீங்க? நான் புளியங்குடியில இறங்கிருவேன். மச்சினன் வீடு. விசேஷம்லாம் ஒண்ணும் இல்ல. என் வீட்டுக்காரி அங்க இருக்கா. ஒன்பது நாளா இருக்கா. கூட்டிட்டு வரப் போறேன். அதாவது, வாதாடிக் கூட்டிட்டு வரப் போறேன்.

என்னைத் தெரியலையா? வாதச்சுடர் கோமதிநாயகம். கோயில்பட்டி பக்கம் பட்டிமன்ற நோட்டீஸ்ல பாத்திருப்பீங்க, கீழேருந்து ரெண்டாவது பேரு. தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசரா இருக்கேன், அது வயித்துக்கு. பட்டிமன்றம்தான் நமக்கு உசுரு. பத்தொன்பது மேடை ஏறியாச்சு. மத்தவங்க மேடையேறி கதை சொல்லுவாங்க, பாட்டுப் பாடுவாங்க, பொண்டாட்டிய வச்சு ஜோக் அடிப்பாங்க. நமக்கு அதெல்லாம் ஆகாது. நமக்கு பாயிண்ட்தான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு விரலை மடக்கிக்கிட்டே போவேன். பத்தொன்பதுல பதினெட்டு தோல்விங்கிறது வேற விசயம். நடுவர்கள் தரம் அப்படி.

வீட்லயும் நான் அப்படித்தான். ஒரு நியாயம் வேணும்லா? "இந்தச் சேலை எனக்கு நல்லாருக்கா?"ன்னு கேப்பா. "எந்தச் சேலையோட ஒப்பிட்டுக் கேக்குத?"ம்பேன். அது சரியான கேள்விதானே அண்ணாச்சி? அளவுகோல் இல்லாம எப்படிச் சொல்ல? அவ பேசாம உள்ள போயிருவா. இருபத்தேழு வருசமா இப்படித்தான், ஒரு சண்டை கிடையாது. எல்லா விவாதத்துலயும் நான்தான் ஜெயிப்பேன். அவ பேரு சண்முகவடிவு. வடிவும்பேன்.

என்னது இது, காராச்சேவா? குடுங்க, குடுங்க. கூச்சமெல்லாம் கிடையாது. ஆகா! அண்ணாச்சி, உப்பு! உப்பைப் பார்த்து ஒன்பது நாளாச்சு. இல்ல இல்ல, பிரஷர்லாம் ஒண்ணும் கிடையாது. வடிவு போனதுலேருந்து உப்பு ஜாடி எங்க இருக்குன்னு தெரியல. அடுக்களையில எல்லா டப்பாவையும் திறந்து பாத்துட்டேன். கல்லு மாதிரி வெள்ளையா ஒண்ணு இருந்துச்சு, போட்டேன், படிகாரம். நாக்கு ஒரு நாள் பூரா உள்ள இழுத்துக்கிச்சு. கடையில ஒரு பாக்கெட் வாங்கலாமேங்கீங்களா? வீட்டுல ஒரு ஜாடி நிறைய இருக்கும்போது இன்னொண்ணு வாங்குறது அறிவுள்ளவன் செய்யிற காரியமா? அவகிட்ட போன் போட்டுக் கேக்கலாம். ஆனா இந்தச் சமயத்துல கேட்டா என் தரப்பு பலவீனமாயிரும். அதான் உப்பில்லாமலே ஓட்டுதேன்.

சரி, விசயத்துக்கு வாரேன். நீங்க நடுநிலையான ஆளாத் தெரியுது. கேட்டுட்டுச் சொல்லுங்க, தப்பு யாரு மேலன்னு.

எங்க தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு பட்டிமன்றம் வச்சாங்க. ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. "இல்லறம் இனிக்கப் பெரிதும் தேவை அன்பா? அறிவா?" இதான் தலைப்பு. நடுவர் பேராசிரியர் ஆவுடையப்பன். எந்த அணின்னு சீட்டுக் குலுக்கி எடுத்தோம். எனக்கு அறிவு வந்தது. கவனிங்க, நான் கேட்டு வாங்கல. சீட்டுல வந்தது. அன்புன்னு வந்திருந்தா அன்புக்கும் பேசியிருப்பேன், அதுக்கும் எட்டு பாயிண்ட் தயாரா வச்சிருந்தேன்.

கூட்டம்னா அப்படிக் கூட்டம். பத்து மாசமா ஊருல இல்லாதவன்கூட வந்திருந்தான். வடிவு முன் வரிசையில, ஆரஞ்சுச் சேலை. இதுவரைக்கும் என் பேச்சு ஒண்ணைக்கூட அவ தவறவிட்டது கிடையாது. பத்தொன்பது மேடைக்கும் வந்திருக்கா. கைதட்டு எங்கயும் வரலைன்னா அவ ஒரு ஆளு தட்டுவா. அது எனக்கே கொஞ்சம் சங்கடமா இருக்கும், ஒரே ஒரு ஆளு தட்டுறது தனியாக் கேக்கும்லா.

இப்பதான் வினை வந்தது. அன்பு அணியில மூணாவது பேச்சாளர் ஜெசிந்தா டீச்சர். பாளையங்கோட்டையிலேருந்து வரணும். பஸ் நடுவழியில நின்னுபோச்சுன்னு போன் வந்துட்டு. ஒரு அணியில மூணு பேரு, மறு அணியில ரெண்டு பேருன்னா நடுவர் ஒத்துக்கிடுவாரா? விழாக்குழுச் செயலாளர் மைக்கைப் பிடிச்சாரு. "நம்ம வாதச்சுடர் வீட்டம்மா இங்கதான் இருக்காங்க. அக்கா, மேல வாங்க, ஒரு ரெண்டு வார்த்தை"ன்னுட்டாரு. கூட்டம் "ஓ"ன்னு கத்துது. பக்கத்து வீட்டுக்காரிக ரெண்டு பேரு அவளைத் தூக்கி நிறுத்திட்டாளுக.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பாவம், குறிப்பு இல்ல, தயாரிப்பு இல்ல, முன்னுரை கிடையாது, முடிவுரை கிடையாது, எப்படிச் சமாளிக்கப் போறான்னு நினைச்சேன். அவகிட்ட மெதுவா, "மூணு பாயிண்டாப் பிரிச்சுக்கோ"ன்னுகூட சொன்னேன். எதிரணிக்கு நான் உதவி பண்ணேன் அண்ணாச்சி. இதை யாரும் எண்ணிப் பாக்க மாட்டேங்காங்க.

அவ மைக்குக்கிட்ட போய் நின்னா. மைக்கை ஒரு தடவை தொட்டுப் பாத்தா. அப்புறம், "எனக்குப் பேச வராது"ன்னா. "கல்யாணமாகி ரெண்டாம் வருசம் எனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. நாப்பது நாளைக்கு உப்பு கூடாதுன்னுட்டாரு வைத்தியரு. எந்திரிச்சு அடுப்புக்கிட்ட போக முடியாது. இவுகதான் கஞ்சி வச்சுக் குடுத்தாக. இவுகளும் அதே கஞ்சியத்தான் குடிச்சாக, நாப்பது நாளும். ஏன்னு நானும் கேக்கல, இவுகளும் சொல்லல. உடம்பு இளைச்சு சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிட்டு. எனக்கு அன்புன்னா அந்தக் கஞ்சிதான் தெரியும்"ன்னா. வந்து உக்காந்துட்டா.

அவ்வளவுதான். ஒரு நிமிசம்கூட இருக்காது. இதுல பாயிண்ட் எங்க இருக்கு? ஆனா முன் வரிசையில பொம்பளைங்க முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்காங்க. நாயனக்காரரு ஒருத்தரு மூக்கை உறிஞ்சுதாரு. நடுவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைக்காரு! நடுவர் அழலாமா அண்ணாச்சி? எந்த விதியில இருக்கு? பத்தொன்பதாவது தோல்வி வாசல்ல வந்து நிக்கு, அதுவும் வீட்டுக்குள்ளேருந்தே.

மறுப்புரைக்கு ரெண்டு நிமிசம் உண்டு. எந்திரிச்சேன்.

"நடுவர் அவர்களே! எதிரணி அம்மையார் கூறிய கஞ்சி உண்மை. நாற்பது நாள் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு அன்பு காரணம் என்பதற்கு ஆதாரம் எங்கே? அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். ரேஷன் கடையில் மாதத்துக்கு ஐந்து லிட்டர். நோயாளிக்கு ஒரு உலை, எனக்கு ஒரு உலை என்று இரண்டு தடவை கொதிக்க வைத்தால் பதினைந்தாம் தேதி எண்ணெய் தீர்ந்துவிடும். ஒரே உலையில் இருவருக்கும் உப்பில்லாக் கஞ்சி என்று முடிவெடுத்தது யார்? அறிவு! ஆகவே, அம்மையார் அவர்களே, தாங்கள் இருபத்தைந்து ஆண்டுகளாக அன்பு என்று நினைத்துக்கொண்டிருப்பது அன்பு அன்று. அது மண்ணெண்ணெய்ச் சிக்கனம்!"

பந்தலே அதிர்ந்து போச்சு அண்ணாச்சி. ஒருத்தன் நாற்காலியிலேருந்து விழுந்துட்டான். அழுத பொம்பளைங்க எல்லாம் சிரிக்காங்க. என் வாழ்க்கையில அப்படி ஒரு கைதட்டு கிடைச்சதில்ல. நடுவரும் சிரிச்சு முடிச்சுட்டு, "அம்மா, இதுக்கு நீங்க பதில் ஏதாவது சொல்லணுமா?"ன்னு வடிவைக் கேட்டாரு. அவ என்னைப் பாத்தா. லேசாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. இல்லன்னு தலையை ஆட்டிட்டா. அப்புறம் என்ன, எதிர்ப்பு இல்லாத வாதம் செல்லுபடியாயிட்டு. தீர்ப்பு, அறிவு! முதல் வெற்றி! பொன்னாடை போத்துனாங்க. இந்தா பாருங்க, பையிலதான் வச்சிருக்கேன். அவ இன்னும் கிட்டக்க வச்சுப் பாக்கலை, அதான் எடுத்துட்டு வந்தேன்.

வீட்டுக்கு நடந்து போனோம். "எப்படி இருந்துச்சு என் மறுப்புரை?"ன்னேன். "நல்லா இருந்துச்சு"ன்னா. சோறு போட்டா. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. அதுலயும் ஒரு வேடிக்கை. எல்லாத்தையும் பரிமாறிட்டு, கடைசியா ஜாடியை எடுத்து தட்டு ஓரத்துல ஒரு சிட்டிகை உப்பு வச்சா. "குழம்புல உப்பு சரியாத்தானே இருக்கு, இது எதுக்கு?"ன்னேன். "சும்மா"ன்னா. காரணமே இல்லாம ஒரு காரியம் பண்ணுதா பாருங்க! நான் அதை ஒதுக்கி வச்சுட்டுச் சாப்பிட்டேன்.

காலையில பாத்தா பையோட நிக்கா. "தம்பி வீட்டுக்குப் போறேன்"ன்னா. "எப்ப வருவே?"ன்னேன். "தெரியல"ன்னா. தேதி கேட்டா தேதி சொல்லணும்லா? கோவமான்னு கேட்டேன். இல்லைன்னா. கோவம் இல்லாதவ எதுக்குப் போகணும்? ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதேன்னு அவளுக்கு விளக்கிச் சொன்னேன். நான் விளக்கிக்கிட்டு இருக்கும்போதே பஸ் வந்துட்டு.

பொண்ணு ஒருத்தி இருக்கா, பகவதி, கோயம்புத்தூர்ல வேலை பாக்கா. போன்ல பிடிச்சுக் கிழிச்சுட்டா. "அப்பா, ஒரு சாரி சொல்லுங்க, அம்மா வந்துருவாங்க"ங்கா. எந்தக் குற்றத்துக்கு சாரின்னு கேட்டேன். குற்றத்தைச் சொன்னா பரிசீலிக்கலாம். "அம்மா ஊரு முன்னாடி நீங்க அவங்க மேல பிரியமா இருக்கீங்கன்னு சொன்னாங்க. நீங்க எந்திரிச்சு இல்லைன்னு நிரூபிச்சிருக்கீங்க. இதுக்கு மேல என்னப்பா வேணும்?"ன்னா. அப்படி இல்லடா, நான் நிரூபிச்சது அவ சொன்ன ஆதாரம் போதாதுங்கிறதை மட்டும்தான், பிரியம் உண்டா இல்லையாங்கிறது அந்த விவாதத்துக்கு வெளிய உள்ள விசயம்ன்னேன். போனை வச்சுட்டா. நம்ம பிள்ளைதான், ஆனா கேக்குற பொறுமை கிடையாது.

அதான் ஒன்பது நாளா உக்காந்து இதை எழுதியிருக்கேன். ஏழு பாயிண்ட். படிக்கேன், கேளுங்க. மேடையில பேசினவன் கணவன் அல்ல, பேச்சாளன். இது முதல். ரெண்டாவது, சீட்டு குலுக்கினது. மூணாவது, அவளை மேடைக்குக் கூப்பிட்டது விழாக்குழு, ஆகவே புகார் இருந்தா அங்க குடுக்கணும். நாலாவது கொஞ்சம் நீளம், விட்டுருவோம். அஞ்சு, சனங்க சிரிச்சது மண்ணெண்ணெயைப் பாத்து, அவளைப் பாத்து இல்ல. ஆறு, பொண்டாட்டிங்கிறதுக்காக வாதத்துல சலுகை குடுத்தா அது நடுவருக்குச் செய்யிற துரோகம். ஏழாவதை இப்ப சொல்ல மாட்டேன். அது கடைசியா எடுக்க வேண்டிய அஸ்திரம். மச்சினன் குத்தாலிங்கம் இருக்கானே, அவன் வாசல்லயே ஆரம்பிச்சுருவான். அவனுக்கு மூணு பாயிண்ட் போதும்.

இப்ப நீங்க சொல்லுங்க. தப்பு யாரு மேல?

என்னது?

திருப்பிச் சொல்லுங்க. காத்துல சரியாக் கேக்கல.

என் கஞ்சியில மட்டும்... தனியா... ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடிச்சிருக்கலாமேங்கீங்களா?

நல்ல கேள்வி. மிக நல்ல கேள்வி. இதுக்கு என்கிட்ட மூணு பதில் இருக்கு. ஒண்ணு... ஒண்ணு வந்து, உலை ஒண்ணுதான். கஞ்சியும் ஒண்ணுதான். டம்ளர் ரெண்டு. டம்ளர்ல ஊத்தின பொறவு உப்பு போட்டா மண்ணெண்ணெய்... மண்ணெண்ணெய் எதுக்குச் செலவாகும்? ஆகாது. சரி, அதை விடுங்க. ரெண்டு, வீட்டுல உப்பு தீர்ந்து போயிருக்கலாம். நாப்பது நாளுமா? இல்ல. ஜாடி அடுப்புக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு, பீங்கான் ஜாடி, கழுத்துல ஒரு விரிசல். நல்லா ஞாபகம் இருக்கு. தினமும் பாப்பேன் அதை. மூணு...

இருங்க அண்ணாச்சி. கொஞ்சம் இருங்க.

ஆறு பேரு பேசின மேடை. பேராசிரியர் ஒருத்தர் நடுவர். எண்ணூறு பேரு கூட்டம். ஒருத்தனுக்கும் இது தோணலையே? நீங்க காராச்சேவு தின்னுக்கிட்டே கேட்டுட்டீங்களே!

மூணாவது பதில் என்னன்னா... அவ படுத்துக் கிடப்பா. கண்ணு, நகம் எல்லாம் மஞ்சள். ஒரு மடக்கு குடிச்சிட்டு முகத்தைச் சுளிப்பா, அப்புறம் நான் பாக்கேன்னு தெரிஞ்சா சுளிக்காம முழுங்குவா. இருபத்திரண்டு வயசு. இவ செத்துருவாளோன்னு எனக்குப் பயம் அண்ணாச்சி. ராப்பகலா பயம். ஜாடிக்குப் பக்கத்துல டம்ளரை வச்சுக்கிட்டு நிப்பேன். அவ நாக்கு செத்துக் கிடக்கையில என் நாக்குக்கு மட்டும் போட கை வரல. அவ்வளவுதான். கை வரல. இதை எப்படி பாயிண்டாச் சொல்ல? இது வாதமே இல்லையே.

அப்ப மண்ணெண்ணெய்ங்கிறது... நான் மேடையில நின்னுக்கிட்டிருக்கும்போது கட்டினது அண்ணாச்சி. சத்தியமாச் சொல்லுதேன், மைக்கைப் பிடிக்கிற வரைக்கும் மண்ணெண்ணெய் என் மனசுலயே கிடையாது. பிடிச்சதும் வந்துட்டு. வந்ததும் அதுதான் உண்மைன்னு நானே நம்பிட்டேன். அப்படி ஒரு கைதட்டு வந்தா யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வான்.

வடிவுக்குத் தெரியாம இருக்குமா? இருபத்தேழு வருசமா உலை வைக்கிறவ. உப்பு எப்ப போடணும், எதுல போடணும்னு அவளுக்கா தெரியாது? நடுவர் கூப்பிட்டுக் கேட்டாரு, "பதில் இருக்காம்மா?"ன்னு. இருந்துச்சு அண்ணாச்சி! ஒரே வரி. நீங்க கேட்ட அதே வரி. அதைச் சொல்லியிருந்தா என் வாதம் அங்கயே படுத்திருக்கும், பத்தொன்பதும் தோல்வியாயிருக்கும். என்னைப் பாத்துச் சிரிச்சுட்டு தலையை ஆட்டிட்டாளே.

ஜெயிக்க விட்டுட்டா. பதினெட்டு தடவை தோத்தவனாச்சேன்னு ஜெயிக்க விட்டுட்டா.

வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத இடத்துல, தட்டு ஓரத்துல வச்சாளே ஒரு சிட்டிகை. அதுதான் அவ மறுப்புரை. நான் "இது எதுக்கு?"ன்னு கேட்டேன் அண்ணாச்சி. கேட்டுட்டு ஒதுக்கி வேற வச்சேன்.

இல்ல, தூசி. ஜன்னல் ஓரம்லா, தூசி வரத்தான் செய்யும்.

புளியங்குடி வந்துட்டோ? அந்த எலுமிச்சை மண்டிதான் அடையாளம். பையை எடுத்துக்கிடுதேன். இந்தப் பேப்பரு வேண்டாம், நீங்களே வச்சுக்கிடுங்க. காராச்சேவு மிச்சத்தை மடிக்க ஆகும். ஏழாவதா? படிக்கலாம், இனிமே என்ன இருக்கு அதுல. "ஒருவருக்குச் சமைக்கவும் இருவருக்குச் சமைக்கவும் ஏறக்குறைய ஒரே அளவு எரிவாயுதான் செலவாகிறது. ஆகவே நீ திரும்பி வருவதே அறிவு." சிரிக்காதீங்க. மூணு நாள் உக்காந்து எழுதினேன் அதை.

பொன்னாடையையும் என்ன செய்யன்னு தெரியல. அவளுக்குத்தான் சேரணும். குத்தாலிங்கம் முன்னால எப்படிப் போத்த?

கண்டக்டரே, இறங்கணும், இறங்கணும்! அண்ணாச்சி, நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. வாங்க, காத்து நல்லா வருது. இது உங்க இடம்தான். துண்டு போட்டது நீங்கதானே. நான் பேசிப் பேசியே வாங்கிட்டேன், நீங்களும் பாவம்னு விட்டுட்டீங்க. இல்லையா? சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம். ஊருல எத்தனை பேரு இப்படி என்னை விட்டிருக்காங்களோ.

அவகிட்ட என்ன சொல்லுவேனா? பாயிண்ட் ஒண்ணும் கையில இல்ல. வாசல்ல நின்னு, "ஏளா வடிவு, உப்பு ஜாடி எங்க இருக்கு?"ன்னு கேக்கப் போறேன்.